கித்தோவில் நான்கு இரவுகள்: இருவருக்குப் போதுமா?

கேள்வி: 2 மார்ச் 2025

நானும் என் கணவரும் வரும் ஜூன் மாதத்தில் கலாபகோஸ் தீவுகளுக்குச் செல்கிறோம். போகும் வழியில் எக்குவடோரின் தலைநகரான கித்தோவில் நான்கு இரவுகள் தங்குவதாகத் திட்டம். அங்கே ஒரு நாளுக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, நிலநடுக்கோட்டு நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உயரம் பற்றிய அச்சமும் எங்களுக்கு இருக்கிறது. சென்று வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

3 மார்ச் 2025

ஒரு நாள் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. என் கணவர் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றதும், 2024 ஜூலையில் நாங்கள் இருவரும் அங்கே நான்கு இரவுகள் தங்கினோம். இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாமே என்ற குறையோடுதான் திரும்பினோம். அந்த நான்கில் ஒரு நாள் என்னால் கெட்டது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கித்தோ கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிகரத்தையும் தாண்டிய உயரத்தில் ஒரு பெருநகரம் பேருந்தும் பள்ளிக்கூடமும் சந்தையுமாக நடந்துகொண்டிருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். மாட்ரிடிலிருந்து பதினொரு மணி நேரம் பறந்து வந்து இறங்கியபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கும் விடுதியில் இரண்டாம் மாடிக்குப் படியேறியபோதுதான் தெரிந்தது. நடுவில் இரண்டு முறை நின்றோம். அன்றிரவு உறக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறை விழித்தபோதும் நாக்கு வறண்டிருந்தது.

ஆகவே இறங்கிய நாளில் எதையும் பார்க்கத் திட்டமிடாதீர்கள். நீர் நிறையக் குடியுங்கள், இரவு உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்னெச்சரிக்கையாக மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் வழக்கம் உண்டு என்ற துணிவு அங்கே உதவாது. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களையும் உயரம் வாட்டும்.

3 மார்ச் 2025, இரவு

பணத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. இருபது டாலர் தாளை நீட்டினால் சிறு கடைக்காரர் சில்லறைக்கு அடுத்த கடைக்கு ஓடவேண்டியிருக்கும். ஒன்று, ஐந்து டாலர் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கையில் அதிகம் அகப்படாத ஒரு டாலர் நாணயங்கள் அங்கே தாராளமாகப் புழங்குகின்றன. மெட்ரோ ரயிலுக்கு 45 சென்ட் கொடுத்தோம். 2023 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாதை அது. 22 கிலோமீட்டரில் 15 நிலையங்கள். பழைய நகருக்குச் செல்ல சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்பீர்கள்.

5 மார்ச் 2025

பழைய நகரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1978-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோதே அதில் இடம்பெற்ற நகரங்கள் இரண்டு: போலந்தின் கிராகோவ் ஒன்று, கித்தோ மற்றொன்று. நான்கு இரவுகளில் குறைந்தது ஒன்றரை நாளாவது இந்தத் தெருக்களுக்கு ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

லா கொம்பானியா தேவாலயத்தை இயேசு சபையினர் 1605-இல் தொடங்கி 1765-இல் முடித்தார்கள். நூற்று அறுபது ஆண்டுகள் கட்டிய அந்தக் கோயிலை அவர்கள் இரண்டே ஆண்டுதான் ஆண்டார்கள். 1767-இல் ஸ்பானிய மன்னர் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் அந்தச் சபையை வெளியேற்றினார். முகப்பு எரிமலைக் கல்லில் செதுக்கியது, சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே நுழைந்தால் சுவர், தூண், கூரை எங்கும் தங்கத் தகடு போர்த்திய மர வேலைப்பாடு. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நீங்கள் நுழைந்ததும் வாயிலின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மேலே செல்லும் சுழல் படிக்கட்டு. மறுபக்கமும் அதே போன்ற படிக்கட்டு, ஆனால் அது சுவரில் தீட்டிய ஓவியம். இரு பக்கமும் ஒத்திருக்கவேண்டும் என்பதற்காகவே தீட்டியிருக்கிறார்கள். என் கணவர் அதை நோக்கி நான்கடி நடந்தபிறகு, படியின் நிழல் சன்னலின் வெளிச்சத்தோடு ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்து நின்றார். அளவையாளர் கண் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தைப் பற்றிக் காந்துஞா என்ற பழங்குடிக் கொத்தனாரின் கதை ஒன்று வழங்குகிறது. குறித்த நாளுக்குள் முன்றில் வேலையை முடிக்க முடியாத அவர், தம் ஆன்மாவை விலையாகப் பேசிச் சாத்தானிடம் உதவி பெற்றாராம். விடிவதற்குள் குட்டிச் சாத்தான்கள் எல்லாக் கல்லையும் பதித்துவிட்டன. ஒரு கல் மட்டும் குறைந்தது, அதை எடுத்து ஒளித்தவர் காந்துஞாவேதான். வேலை முடியாததால் ஒப்பந்தம் செல்லாமல் போயிற்று. அகன்ற படிகளில் அமர்ந்து குறைந்த கல் எங்கே என்று அரை மணி நேரம் தேடினோம். பள்ளிச் சீருடையில் வந்த இரண்டு சிறுவர்களும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோயிலின் தலைமைப் பீடத்தில் 1734-இல் பெர்னார்தோ தே லெகார்தா செதுக்கிய மாதா சிலை இருக்கிறது. சிறகு விரித்து, இடை சற்றே வளைந்து, காலடியில் பாம்பை மிதித்து நிற்கும் சிறிய மரச் சிலை. பானெசியோ குன்றின் மேல் நகரெங்கிருந்தும் தெரியும் பெரிய அலுமினியச் சிலை இதைப் பார்த்துச் செய்ததுதான். பெரியதைப் படம் பிடிப்பவர்களில் பலர் சிறியதைப் பார்க்காமலே போகிறார்கள். குன்றுக்கு நடந்து ஏறவேண்டாம். வழிப்பறி நடக்கும் பாதை என்று விடுதியிலும் கடைகளிலும் எல்லோரும் எச்சரித்தார்கள். டாக்சியில் போய், அதே டாக்சியைக் காத்திருக்கச் சொல்லித் திரும்புங்கள்.

பசிலிக்காவின் கோபுரத்தில் நாங்கள் ஏறவில்லை. வெளிச்சுவரில் வழக்கமான கோர உருவங்களின் இடத்தில் உடும்பு, ஆமை, குரங்கு எனத் தங்கள் நாட்டு விலங்குகளை நீட்டி நிற்க வைத்திருப்பதைக் கீழிருந்தே பார்த்தோம்.

6 மார்ச் 2025

கெட்ட நாளைப் பற்றி.

பிச்சிஞ்சா எரிமலையின் சரிவில் ஒரு ரோப் கார் செல்கிறது. ஏறத்தாழ 3,100 மீட்டரில் ஏறினால் 3,945 மீட்டரில் இறக்கிவிடும். இருபது நிமிடத்துக்குள் எண்ணூறு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். இரண்டாம் நாள் காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. மதியத்துக்குமேல் மேகம் மூடிவிடும் என்று விடுதியில் சொன்னார்கள். தலை சற்றுக் கனமாக இருக்கிறது, நாளை போகலாமே என்றார் அவர். நாளை இந்த வானம் கிடைக்காது என்று சொல்லி நான்தான் கிளப்பிக்கொண்டு போனேன்.

மேலே இறங்கி நூறு அடி நடந்திருப்போம். அவர் ஒரு பலகையில் அமர்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கீழே நகரம் முழுவதும் நீண்ட வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, தொலைவில் பனிச் சிகரங்கள் தெரிந்தன. அவர் நிமிரவே இல்லை. உதடு வெளிறியிருந்தது. பேசச் சொன்னேன், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. குமட்டலும் தொடங்கியதும் உடனே இறங்கினோம். கீழ் நிலையத்துக்கு வருவதற்குள்ளேயே முகத்தில் நிறம் திரும்பியது. உயரத்தால் வரும் தொல்லைக்குக் கீழே இறங்குவதே முதல் மருந்து என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தலைவலி போகவில்லை. மறுநாள் நண்பகல் வரை அவர் அறையை விட்டு வெளிவரவில்லை.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்கிறேன். ஒரே வீட்டில் ஒரே உணவை உண்டு வாழும் இருவரில் ஒருவரை உயரம் தொடாமல் விடும், மற்றவரைப் படுக்க வைக்கும். இருவரில் யாருக்கு முடியவில்லையோ அவர் சொல்வதே அன்றைய முடிவாக இருக்கவேண்டும். ரோப் காரை கடைசி நாளுக்கு வையுங்கள். அந்த நாள் மேகமாக இருந்தால் இருக்கட்டும்.

9 மார்ச் 2025

சைவ உணவு கிடைக்குமா என்ற கேள்விக்கு: கிடைக்கிறது, அதுவும் உள்ளூர் உணவாகவே கிடைக்கிறது. லோக்ரோ என்பது உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்துப் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்த கெட்டியான சூப். மேலே வெண்ணெய்ப்பழத் துண்டுகளை வைத்துத் தருவார்கள். குளிர்ந்த மாலையில் ஒரு கிண்ணம் போதும், வேறு எதுவும் வேண்டாம். இறைச்சிச் சாறு சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். யபிங்காச்சோ என்பது உருளைக்கிழங்கு அடை, உள்ளே பாலாடைக்கட்டி, மேலே வேர்க்கடலைக் குழம்பு. உமிதா என்பது அரைத்த இளஞ்சோளத்தை அதன் மடலிலேயே சுற்றி ஆவியில் வேகவைப்பது; மடலைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் நம் வீட்டு இலைக் கொழுக்கட்டையின் வாசனையே வந்தது.

எல்லா மேசையிலும் ஆஹி என்ற மிளகாய்ச் சட்னி ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். மரத் தக்காளி என்ற புளிப்பான பழத்தோடு மிளகாயை அரைத்திருப்பார்கள். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து நம் அடுப்புக்கு வந்தவை. அந்தக் கிண்ணம் மேசைக்கு வந்ததும் என் கணவர் உயரத் தொல்லைக்குப் பிறகு முதன்முறையாக இரண்டாவது தட்டு கேட்டார்.

தெருவில் எஸ்புமியா விற்கிறார்கள். கொய்யாப் பழத்தை நுரைக்க அடித்துக் கூம்பில் வைத்துத் தருவது. ஐஸ்கிரீம் போலவே இருக்கும், வெயிலில் உருகாது. அதுவும் சைவம்தான்.

10 மார்ச் 2025

மேலே எழுதியதில் தவறு. எஸ்புமியாவில் முட்டையின் வெள்ளைக் கரு சேர்கிறது. அந்த நுரை நிற்பதே அதனால்தான். நான் இரண்டு கூம்பு உண்டேன், நாட்டுக்குத் திரும்பிய பிறகே தெரிந்துகொண்டேன். முட்டை உண்ணாதவராக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

14 மார்ச் 2025

நிலநடுக்கோட்டுச் சின்னம். நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணம். 30 மீட்டர் உயரக் கல் மேடையும் அதன் உச்சியில் ஓர் உலக உருண்டையும், தரையில் மஞ்சள் கோடும். கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். ஆனால் உண்மையான நிலநடுக்கோடு அங்கிருந்து 240 மீட்டர் தள்ளி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அளக்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த அளவுக்குத் தவறிவிட்டார்கள்.

நாங்கள் முன்பணம் கட்டியிருந்த சுற்றுலா நிறுவனம் அரை நாள் என்று சொல்லிவிட்டு அங்கே நாற்பது நிமிடம்தான் தந்தது. மீதி நேரம் இரண்டு கைவினைக் கடைகளில் கழிந்தது. உள்ளூர்ப் பேருந்திலோ டாக்சியிலோ தனியாகவே போங்கள்.

பக்கத்தில் ஒரு தொட்டி நீரை வைத்து, கோட்டின் வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த் திசையிலும் நீர் சுழன்று வடிவதைக் காட்டுகிறார்கள். நான் வியந்து பார்த்துக் கைதட்டினேன். என் கணவர் தட்டவில்லை. பூமியின் சுழற்சி புயலைச் சுழற்றும். இரண்டு முழத் தொட்டியில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நீரை எந்தப் பக்கத்திலிருந்து ஊற்றுகிறார்கள் என்பதைப் பார் என்றார். அடுத்த கூட்டத்துக்குச் செய்து காட்டியபோது பார்த்தேன். ஒரு முறை வலப்பக்கத்திலிருந்தும் ஒரு முறை இடப்பக்கத்திலிருந்தும் ஊற்றினார்கள்.

16 மார்ச் 2025

முந்தைய குறிப்பை என் கணவர் படித்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு வாதிடுகிறார். அவர் சொல்வதே சரி. நான் எழுதியதைத் திருத்துகிறேன்.

1736-இல் வந்த பிரெஞ்சு அறிவியல் குழு அந்தச் சின்னத்தை வைக்கவே இல்லை. குழு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1936-இல் எக்குவடோரியர் ஒருவர் எழுப்பிய சிறிய சின்னமே முதலில் அங்கே இருந்தது. அதை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, இப்போதுள்ளதை 1979 முதல் 1982 வரை கட்டினார்கள். ஆகவே 240 மீட்டருக்குப் பிரெஞ்சுக் குழுவைக் குறை சொல்வது அநியாயம்.

அவர்கள் வந்த வேலையே வேறு. பூமி துருவங்களில் தட்டையானது என்றார் நியூட்டன்; துருவங்களில் நீண்டது என்று பாரிசில் வானியலாளர்களான கசினி குடும்பத்தார் சொன்னார்கள். தீர்ப்பதற்கு ஒரே வழி, நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பாகையின் நீளத்தையும் வடதுருவத்தின் அருகே ஒரு பாகையின் நீளத்தையும் அளந்து ஒப்பிடுவது. லா கொந்தமின், பூகே, கோதன் ஆகியோர் இங்கே வந்தார்கள். ஸ்பானிய அரசு ஹோர்ஹே ஹுவான், உயோவா என்ற இரு இளம் கடற்படை அதிகாரிகளை உடன் அனுப்பியது. வட ஐரோப்பாவின் லாப்லாந்துக்குச் சென்ற மற்றொரு பிரெஞ்சுக் குழு 1737-இலேயே விடையோடு திரும்பிவிட்டது. அந்தச் செய்தி வந்த பிறகும் இவர்கள் வேலையை விடவில்லை. கித்தோவுக்கு அருகிலிருந்து குவெங்கா வரை ஆண்டிஸ் மலைகளின் மேல் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போனார்கள். நியூட்டன் சொன்னதே உறுதியாயிற்று. 1830-இல் தனி நாடானபோது எக்குவடோர் என்ற பெயரும் இந்தக் கோட்டிலிருந்தே வந்தது.

240 மீட்டர் என்பது ஏறத்தாழ 8 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை) என்கிறார் அவர். விண்மீனைப் பார்த்து ஓர் இடத்தின் அட்சரேகையைக் கணக்கிடும்போது, எது செங்குத்து என்பதை அந்த இடத்துத் தூக்குநூல்தான் சொல்கிறது. பக்கத்தில் பெரும் மலை இருந்தால் அது தூக்குநூலைத் தன் பக்கம் சற்றே இழுக்கும். 1738-இல் சிம்போராசோ மலைச் சரிவில் பூகே இதைத்தான் அளந்து பார்க்க முயன்றார். இன்றைய செயற்கைக்கோள் அளவையோ பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு இதை எனக்கு விளக்கினார், முழுவதும் கேட்டேன்.

20 மார்ச் 2025

இன்று பகலும் இரவும் சமமான நாள். இன்று நண்பகலில் அந்தக் கோட்டின் மேல் நிற்பவரின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நீங்கள் ஜூனில் போகிறீர்கள். அப்போது நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும், நிழல் தெற்கே விழும். சென்னையில் இதே நிழலில்லா நண்பகலை ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் மாடியிலேயே பார்க்கலாம்.

காற்று குளிர்ந்திருப்பதை நம்பித் தொப்பி இல்லாமல் நடக்காதீர்கள். அந்த உயரத்தில் வெயில் தோலை விரைவில் சுட்டுவிடும். ஸ்வெட்டர் போட்டிருந்த என் கைகளுக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் உரிந்தது.

28 மார்ச் 2025

நான்காம் நாள் பிற்பகலில் ஓவியர் குவாயாசமின் வீட்டுக்கும், அவர் எழுப்பத் தொடங்கி அவர் மறைந்த பின் 2002-இல் திறக்கப்பட்ட ‘மனிதனின் ஆலயம்’ என்ற ஓவியக் கூடத்துக்கும் போனோம். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போய் மூடும் வரை இருந்தோம். அவர் வரைந்த கைகளின் முன்னால் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. மெலிந்து, கணுக்கள் புடைத்து, முகத்தை மூடும் கைகளும் கெஞ்சும் கைகளும். பழங்குடித் தந்தைக்குப் பிறந்து வறுமையில் வளர்ந்தவர் அவர். 1999-இல் மறைந்தபின் அவருடைய சாம்பலை வீட்டுத் தோட்டத்தில் ஒரு பைன் மரத்தின் அடியில் வைத்தார்கள். அந்த மரத்தின் கீழே உட்கார்ந்து நகரத்தைப் பார்க்கலாம். உங்கள் திட்டத்தில் இதை இன்னும் சேர்க்கவில்லை என்றால், நினைவுச் சின்னத்தைக் குறைத்தாவது சேருங்கள்.

இரவுப் பாதுகாப்பு பற்றி: 2024 ஜனவரியில் அந்நாடு குற்றக் கும்பல்களுக்கு எதிராக நெருக்கடி நிலை அறிவித்திருந்ததால் நாங்கள் அஞ்சியபடிதான் போனோம். பகலில் பழைய நகரில் எந்தத் தொல்லையும் இல்லை. இருட்டிய பிறகு நடக்கவில்லை. விடுதியில் சொல்லி வரவழைத்த டாக்சியில் மட்டும் சென்றோம். நிலைமை மாறக்கூடியது என்பதால் புறப்படும் வாரத்தில் அரசின் பயண அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

10 ஏப்ரல் 2025

உங்கள் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் விமானம் மாலை ஆறு மணிக்கு என்பதால் அந்தக் காலை முழுவதும் உங்களுக்கு இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வேண்டுகோள்.

விமான நிலையம் இருக்கும் தபாபெலாவை அடுத்தது யாருக்கிச் சமவெளி. பிரெஞ்சுக் குழு தங்கள் அளவை முழுவதற்கும் ஆதாரமான அடிக்கோட்டை அங்கேதான் அளந்தது. இரு பிரிவாகப் பிரிந்து எதிரெதிர் முனைகளிலிருந்து மரக் கோல்களைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் அளந்தார்கள். இரண்டு கணக்கும் சில அங்குலங்களே வேறுபட்டன. கராபுரோ, ஓயாம்பரோ என்ற இரு முனைகளிலும் லா கொந்தமின் சிறு பிரமிடுகளை எழுப்பினார். ஸ்பானிய அரசு அவற்றை இடிக்கச் சொன்னது. 1836-இல் எக்குவடோரின் குடியரசுத் தலைவர் ரோகாஃபுவெர்தே மீண்டும் கட்டுவித்தார்.

இன்று ஏப்ரல் 10. 1802-இல் இதே நாளில்தான் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதுவும் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்து கிளம்பி இமயம் வரை போயிற்று. பணியில் சேர்ந்த புதிதில் என் கணவரை மூத்தவர் ஒருவர் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்று, நம் வேலை இங்கிருந்து தொடங்கியது என்று காட்டினாராம். அதற்கு முன்னோடியான கோடு யாருக்கியில் இருக்கிறது என்பதை அவர் நூலில் படித்து, ஓய்வு பெற்றதும் பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தார். எங்கள் மூன்றாம் நாளை முழுவதுமாக அதற்கென்றே ஒதுக்கியிருந்தோம். அந்த மூன்றாம் நாள்தான் ரோப் காரால் போனது. நான்காம் நாள் சுற்றுலா நிறுவனத்துக்குக் கட்டிய பணத்தால் போனது. ஐந்தாம் நாள் எங்கள் விமானம் நண்பகலில்.

விமானம் மேலெழும்போது அவர் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார். பசுமைக் குடில்களும் வயல்களும் ஆழமான பள்ளத்தாக்குகளும் தெரிந்தன. எது ஓயாம்பரோ என்று சொல்ல முடியவில்லை. பரவாயில்லை, இவ்வளவு மேடுபள்ளத்தில் எப்படி அளந்தார்களோ என்றுதான் சொன்னார். என்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

உங்களுக்கு அந்தக் காலையில் வேறு வேலை இல்லை என்றால், பைகளோடு டாக்சியில் யாருக்கி வழியாகப் போங்கள். ஓட்டுநருக்கு இடம் தெரியாமல் இருக்கலாம். ஓயாம்பரோ என்று எழுதிக் காட்டி ஊரில் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிரமிடின் அருகே நின்று, எதிர் முனையான கராபுரோ இருக்கும் திசையை நோக்கி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அவரிடம் காட்டவேண்டும்.

11 ஏப்ரல் 2025

அவர் சேர்க்கச் சொன்னது: படத்தில் தரையும் தெரியவேண்டும்.